வைத்தியசாலைக்குக் கணினி வருகிறது. ஊழியர்களுக்கு என்ன ஏற்பாடு?

அரச வைத்தியசாலைகளை டிஜிட்டல் மயப்படுத்துவது பற்றிய பேச்சு இப்போது எல்லா மட்டங்களிலும் கேட்கிறது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தனிநபர் சுகாதார இலக்கம் வழங்கப்படும், கிளினிக் கொப்பி இருந்த இடத்தில் கணினிக் கோவை இருக்கும், வைத்தியர் எழுதும் மருந்து அடுத்த நிமிடமே மருந்தகத்தின் திரையில் தெரியும், இரத்தப் பரிசோதனை முடிவை எடுக்க யாரும் ஆய்வுகூடத்துக்கு நடக்க வேண்டியதில்லை என்றெல்லாம் சொல்லப்படுகிறது. விடியற்காலையில் சுபஹ் தொழுதுவிட்டு இலக்கத் துண்டுக்காக வரிசையில் போய் நிற்கும் எம்மவர்களுக்கு இது நல்ல செய்திதான்.

இவை வெறும் கனவுகளும் அல்ல. கம்பஹா மாவட்டத்தின் தொம்பே வைத்தியசாலையில் ஒரு தசாப்தத்துக்கு முன்னரே நோயாளர் பதிவைக் கணினியில் செய்து காட்டினார்கள். 2020 ஜனவரியில் நாட்டின் முதலாவது கொவிட் நோயாளி அடையாளம் காணப்பட்ட அதே காலப்பகுதியில், வெளிநாடுகளிலிருந்து வருவோரைப் பின்தொடர்வதற்கான பதிவு முறையொன்றை 'டிஎச்ஐஎஸ் 2' என்ற திறந்த மென்பொருளில் எமது நாட்டவர்களே உருவாக்கினார்கள். பின்னர் பல நாடுகள் அதே வழியைப் பின்பற்றின. சுகாதாரத் தகவலியலில் பட்டப்பின் படிப்பு முடித்த வைத்தியர்கள் எம்மிடம் இருக்கிறார்கள். ஆகவே தொழில்நுட்பம் இலங்கைக்குக் கைவராது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனாலும் ஒரு கேள்வி இருக்கிறது. கோலாகலமாகத் திறந்து வைக்கப்படும் கணினி முறைகள் சில இடங்களில் நிலைத்து நிற்கின்றன. வேறு சில இடங்களில் கொஞ்ச நாளிலேயே திரைக்கு உறை போட்டு மூடிவிட்டு, பழைய பெரிய பதிவேட்டை மீண்டும் விரித்து விடுகிறார்கள். ஏன் இப்படி நடக்கிறது? இரண்டு இடத்திலும் இயந்திரம் ஒன்றுதான், மென்பொருளும் பெரும்பாலும் ஒன்றுதான். அதைத் தொட்டு வேலை செய்யும் வைத்தியர், தாதி, மருந்தாளர், பதிவு உத்தியோகத்தர், சிற்றூழியர் ஆகியோரை நிர்வாகம் எப்படி நடத்தியது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. இதைப் பற்றித்தான் எமது பத்திரிகைகளிலும் கூட்டங்களிலும் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். திங்கட்கிழமை காலை வெளிநோயாளர் பிரிவில் ஒரு வைத்தியர் நூறு பேரைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணினியில் பதிவதற்கு ஒரு நோயாளிக்கு ஒரு நிமிடம் மேலதிகமாகத் தேவைப்பட்டால் மொத்தம் 100 நிமிடங்கள், அதாவது ஒரு மணித்தியாலமும் நாற்பது நிமிடமும். அந்த நேரம் எங்கிருந்து வரும்? நோயாளியின் முகத்தைப் பார்க்கும் நேரத்திலிருந்து வரும், இல்லையென்றால் வரிசையின் கடைசியில் நிற்பவரின் பொறுமையிலிருந்து வரும். அமெரிக்காவில் 2016இல் வெளியான ஓர் ஆய்வு, வைத்தியர்கள் நோயாளியுடன் நேரடியாகச் செலவிடும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலங்களைக் கணினிப் பதிவிலும் மேசை வேலையிலும் கழிக்கிறார்கள் என்று காட்டியது. ஆட்பலமும் வசதியும் எம்மை விடப் பன்மடங்கு கூடிய நாட்டின் நிலைமை அது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்களும் தாதியர்களும் வெளிநாடு சென்றதால் ஏற்பட்ட வெற்றிடங்களுடன் ஓடிக்கொண்டிருக்கும் எமது வைத்தியசாலைகளில் அந்த நிமிடக் கணக்கை யாராவது முன்கூட்டியே போட்டுப் பார்க்க வேண்டும்.

போட்டுப் பார்க்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரச் சிறுவர் வைத்தியசாலையின் கதை உலகெங்கும் எடுத்துச் சொல்லப்படுகிறது. 2002ஆம் ஆண்டு அங்கே மருந்துக் கட்டளைகளைக் கணினியில் இடும் முறை கொண்டுவரப்பட்டது. மருந்துத் தவறுகளைக் குறைப்பதுதான் நோக்கம். ஆனால் வேறு வைத்தியசாலைகளிலிருந்து மாற்றப்பட்டு வந்த கடுமையான நோயுள்ள பிள்ளைகளிடையே இறப்பு வீதம் 2.80 சதவீதத்திலிருந்து 6.57 சதவீதமாக உயர்ந்திருந்ததை 2005இல் அவ்வைத்தியசாலையின் வைத்தியர்களே எழுதி வெளியிட்டார்கள். என்ன காரணம்? முன்பு, பிள்ளையை ஏற்றிய அம்புலன்ஸ் வழியில் வரும்போதே மருந்துகளைத் தயார் செய்து வைப்பார்கள். புதிய முறையில், பிள்ளை வந்து சேர்ந்து கணினியில் பதியப்படும் வரை எந்தக் கட்டளையும் இட முடியாது. கையால் சில நொடிகளில் எழுதிய கட்டளைக்குக் கணினியில் ஒன்றிரண்டு நிமிடங்கள் பிடித்தன. வார்டிலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மருந்துகள் மத்திய மருந்தகத்துக்குப் போய்விட்டன. பிள்ளையின் கட்டிலருகில் நிற்க வேண்டியவர்கள் திரைக்கு முன்னால் நின்றார்கள்.

இதைக் கேட்டவுடன் 'அப்படியென்றால் கணினியே வேண்டாம்' என்று சொல்பவர்கள் கதையின் மற்றப் பாதியையும் கேட்க வேண்டும். சியாட்டில் நகரச் சிறுவர் வைத்தியசாலையிலும் அதே வகை முறை கொண்டுவரப்பட்டது. அங்கே இறப்பு கூடவில்லை. அடிக்கடி தேவைப்படும் மருந்துக் கட்டளைகளை அவர்கள் முன்கூட்டியே தொகுத்துக் கணினிக்குள் ஆயத்தமாக வைத்திருந்தார்கள். வேலை எந்த ஒழுங்கில் நடக்கிறது என்பதைத் தெரிந்து, அந்த ஒழுங்குக்கேற்ப முறையை அமைத்தார்கள். முன்னேற்பாட்டில்தான் வித்தியாசம் இருந்தது.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் சீடார்ஸ் சைனாய் என்ற பெரிய வைத்தியசாலை 34 மில்லியன் டொலர் செலவில் அமைத்த முறையை, வைத்தியர்கள் ஒன்றாக எதிர்த்ததால் தொடங்கிய சில மாதங்களிலேயே, 2003 ஜனவரியில் நிறுத்தி வைத்தது. பிரித்தானியா 2002இல் ஆரம்பித்த தேசிய சுகாதாரத் தகவல் தொழில்நுட்பத் திட்டத்தைப் பல பில்லியன் பவுண்களைக் கொட்டிய பின் 2011இல் கலைத்துவிட்டது. இரண்டிலும் பொதுவாகச் சொல்லப்படும் குறை ஒன்றே: பாவிக்கப் போகிறவர்களைப் போதிய அளவு கேட்காமல் மேலிருந்து இறக்கியது.

இனி எமது நாட்டுக்கு வருவோம். எமது ஊழியர்களின் முதலாவது முறைப்பாடு இரட்டை வேலை. கணினியிலும் பதிய வேண்டும், பதிவேட்டிலும் எழுத வேண்டும். ஆசிரியர்களாகிய எமக்கு இந்தத் துன்பம் புதிதல்ல. மாணவர் விபரங்களை ஒன்லைனில் ஏற்றச் சொன்ன பிறகும் இடாப்பும் கோவைகளும் அப்படியே தொடர்கின்றன. வைத்தியசாலையில் இது இன்னும் சிக்கலானது. வார்டில் 'பீ.எச்.டி.' என்று சொல்லப்படும் கட்டில் அட்டை ஒரு சட்ட ஆவணம். நாளைக்கு நீதிமன்றம் கேட்டால் அதைத்தான் காட்ட வேண்டும். ஒரு வைத்திய அத்தியட்சகர் தன் இஷ்டத்துக்கு 'இனி எழுத வேண்டாம்' என்று சொல்லிவிட முடியாது. எந்தப் பதிவேடு எந்தத் திகதியுடன் நிறுத்தப்படும், எது தொடரும் என்பதை அமைச்சு சுற்றுநிருபத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும். 'கொஞ்ச நாளைக்கு இரண்டையும் செய்யுங்கள்' என்ற வாய்மொழி உத்தரவு எமது நாட்டில் எத்தனை வருடம் நீளும் என்பதை அரச சேவையில் இருக்கும் எவரிடமும் கேட்டுப் பார்க்கலாம். ஒரு பதிவேடாவது உண்மையில் மூடப்படுவதை ஊழியர் கண்ணால் கண்டால் அடுத்த மாற்றத்துக்கு அவரே ஒத்துழைப்பார்.

இரண்டாவது, பயிற்சி. இதில் எனக்குக் கொஞ்சம் உரிமையோடு பேச முடியும். வழமையாக என்ன நடக்கிறது? ஒரு வைத்தியசாலையிலிருந்து இரண்டு பேரைத் தெரிவு செய்து ஒருநாள் செயலமர்வுக்கு அனுப்புவார்கள். போகிறவர் பெரும்பாலும் அன்று விடுவிக்கக் கூடியவராகவோ, பட்டியலில் மூத்தவராகவோ இருப்பார். திரையில் படங்கள் ஓடும், மதியச் சாப்பாடு, சான்றிதழ், குழுப் புகைப்படம். திரும்பி வந்து மற்றவர்களுக்கு அவர் கற்பிப்பார் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் தாதியர் மூன்று முறைமாற்றில் வேலை செய்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு நெஞ்சுவலியுடன் ஒருவர் வரும்போது, செயலமர்வுக்குப் போனவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். எனவே ஒவ்வொரு பிரிவிலும், ஒவ்வொரு முறைமாற்றிலும், கேட்டால் சொல்லித் தரக்கூடிய ஒருவர் இருக்க வேண்டும். அவருக்குப் பெரிய பட்டம் தேவையில்லை. பொறுமையும் அந்தப் பிரிவின் வேலை பற்றிய அறிவும் போதும். ஆனால் அந்தப் பொறுப்புக்காக அவருடைய வேறு வேலையில் ஒரு பங்கைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். கடமை முடிந்த பின், வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கும் நேரத்தில், சம்பளமில்லாமல் நடக்கும் பயிற்சியில் கற்றவை காலையில் ஞாபகம் இருக்காது.

கற்றுத் தேறியவர்கள் வருடாந்த இடமாற்றத்தில் போய்விடுவதையும் இங்கே சொல்ல வேண்டும். இடமாற்றம் அவர்களின் உரிமை, அதைத் தடுக்கச் சொல்லவில்லை. போவதற்கு முன் இன்னொருவரைப் பழக்கிக் கையளிக்க இரண்டு வாரம் ஒதுக்குவது நிர்வாகத்தின் கையில் உள்ள விடயம்.

மூன்றாவது விடயம் மானம். முப்பது வருடம் வார்டை ஆண்ட ஒரு மூத்த தாதி இருக்கிறார். நோயாளி மூச்சு விடும் சத்தத்திலேயே ஆபத்தைக் கண்டுபிடிப்பவர். அவரை நேற்று வந்த இளம் அபிவிருத்தி உத்தியோகத்தர் எல்லோர் முன்னிலையிலும் 'மிஸ், அதை அமத்த வேண்டாம், இதை அமத்துங்க' என்று திருத்தினால் அவர் மறுநாள் கணினிப் பக்கமே வரமாட்டார். தனக்குக் கண் சரியில்லை என்பார், வேலை கூடிவிட்டது என்பார். உண்மைக் காரணத்தைச் சொல்லமாட்டார். ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் படித்த விடயம்தான் இது: வளர்ந்தவர்கள் கற்க மறுப்பதில்லை, தெரியாதவராகப் பிறர் முன் நிற்கத்தான் மறுக்கிறார்கள். கொவிட் காலத்தில் ஸூம் வகுப்பு நடத்தக் கற்ற மூத்த ஆசிரியர்கள் பலர் செயலமர்வில் கற்கவில்லை. வீட்டில் மகனிடமும் மகளிடமும் தனியாக இருந்து கற்றார்கள். வைத்தியசாலையிலும் அந்த மூத்த தாதிக்குத் தனியாக, அவருக்கு வசதியான நேரத்தில், அவர் மதிக்கும் ஒருவரைக் கொண்டு சொல்லிக் கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், திரையில் எது முதலில் வரவேண்டும் என்று அவரிடமே கேட்பது. கேட்டால் அவர் சரியாகச் சொல்வார்.

நான்காவது, பயம். கணினி வந்தால் தன்னை வேவு பார்ப்பார்கள், வேலை போய்விடும், மேலதிக நேரக் கொடுப்பனவு குறையும் என்ற பயம். இந்தப் பயத்தைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்குவது சுலபம். 2025 ஓகஸ்டில் தபால் ஊழியர்கள் பணிப்புறக்கணிப்பில் இறங்கியபோது கைவிரல் அடையாளப் பதிவும் மேலதிக நேரக் கொடுப்பனவும் முக்கிய விடயங்களாக இருந்ததை நாம் பார்த்தோம். வரவுப் பதிவு தேவைதான், அரச ஊழியர் நேரத்துக்கு வரத்தான் வேண்டும். ஆனால் ஊழியரைக் கண்காணிக்கும் இயந்திரத்தையும் நோயாளிக்கு உதவும் கணினி முறையையும் ஒரே நாளில் ஒரே மேடையில் திறந்து வைக்கும் நிர்வாகி, இரண்டாவதையும் முதலாவதன் பகைக்குள் தள்ளிவிடுகிறார். தொழிற்சங்கங்களை ஆரம்பத்திலேயே கூப்பிட்டு, எந்தத் தரவு எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று எழுத்தில் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

எமது பிரதேசங்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. அது பெயர். கணினித் திரை ஆங்கிலத்தில் இருக்கிறது. நோயாளி தமிழில் பெயர் சொல்கிறார். பதிபவர் சில வேளை சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். 'முஹம்மத்' என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். ஓ போட்டு, யூ போட்டு, ஒரு எம் வைத்து, இரண்டு எம் வைத்து, கடைசியில் டீயா டீஎச்சா என்று தெரியாமல். ஒரே வீட்டில் வாப்பாவின் அடையாள அட்டையில் ஒரு விதம், மகனின் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு விதம். பெண்களில் 'பாத்திமா' என்று தேடினால் பக்கம் பக்கமாக வரும். பழைய தேசிய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் பன்னிரண்டு இலக்கம். போன முறை பழைய இலக்கத்தில் பதிந்த உம்மா இம்முறை புதிய அட்டையைக் கொண்டுபோனால், அவசரத்தில் இருக்கும் ஊழியர் தேடிப் பார்த்து, கிடைக்காமல், புதிதாக ஒரு கோவையைத் திறந்து விடுவார். இப்போது அந்த உம்மாவுக்கு இரண்டு கோவைகள். 'பென்சிலின் ஒத்துக்கொள்ளாது' என்று எழுதியிருப்பது முதலாவதில். ஊசி போடுபவர் திறப்பது இரண்டாவதை.

இதற்கு மென்பொருள் நிறுவனத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பதிவு மேசையில் தமிழ் பேசும், பெயர்களின் போக்குத் தெரிந்த ஒருவரை இருத்துவது ஊழியர் முகாமைத்துவம். புதுக் கோவை திறக்கும் முன் பிறந்த திகதியையும் தொலைபேசி இலக்கத்தையும் வைத்து இன்னொரு முறை தேடும்படி பழக்குவதும் அதேதான். பதிவு மேசையை வைத்தியசாலையின் மிகத் தாழ்ந்த வேலையாக நினைத்து, வேறெங்கும் பொருந்தாதவரை அங்கே இருத்தும் வழக்கம் எம்மிடம் உண்டு. டிஜிட்டல் வைத்தியசாலையில் அந்த மேசையில் விழும் பிழை வார்டு வரை போகும். நாமும் எமது பங்குக்கு, வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் சுகாதார இலக்க அட்டையையும் அடையாள அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது இரகசியம். எமது ஊர்களில் வைத்தியசாலையில் வேலை செய்பவர் யாராவது ஒருவர் ஏதோ ஒரு வகையில் எல்லோருக்கும் சொந்தம். பழைய முறையில் ஒருவரின் கோவையைப் பார்க்க வேண்டுமென்றால் பதிவறைக்குப் போய், தூசி தட்டி, தேடி எடுக்க வேண்டும். கணினியில் பெயரை அடித்தால் போதும். கலியாணம் பேசும் வீட்டார் பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ ஏதாவது வருத்தம் இருந்ததா என்று விசாரிக்கும் பழக்கம் எம்மிடம் இருப்பதை மறைக்கத் தேவையில்லை. மனநலக் கிளினிக்குக்குப் போன ஒரு பிள்ளையின் பதிவு வெளியே வந்தால் அந்தப் பிள்ளையின் வாழ்க்கை என்னவாகும்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவை விசேட வகைத் தரவாகக் கருதுகிறது. சட்டம் இருந்தாலும், ஒரே கடவுச்சொல்லை வார்டு முழுவதும் பாவித்து, அதைத் தாளில் எழுதித் திரையின் மேல் ஒட்டி வைத்தால், யார் பார்த்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஊழியர்கள் இதை வேண்டுமென்று செய்வதில்லை. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்குக் கிடைக்க மாதக்கணக்கில் ஆவதாலும், உள்ளே போக ஒவ்வொரு முறையும் நேரம் எடுப்பதாலும் குறுக்கு வழி தேடுகிறார்கள். தனிக் கணக்கை வேலையில் சேரும் முதல் நாளே கொடுத்துவிட்டு, அதன் பிறகு மீறுபவர்மீது நடவடிக்கை எடுத்தால் அது நியாயம்.

மின்சாரம் இல்லாமல் போனால்? 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முழு நாடும் இருளில் மூழ்கியது. தரவு அழிந்து போவதும் நடந்திருக்கிறது. 2021இல் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் தரவுகள் அழிக்கப்பட்டன. 2023இல் அரச மின்னஞ்சல்களில் பல வாரங்களுக்குரியவை இணையத் தாக்குதலில் போயின. 2017 மேயில் பிரித்தானிய வைத்தியசாலைகளைத் தாக்கிய 'வொன்னக்ரை' வைரஸினால் சுமார் 19,000 நோயாளர் சந்திப்புகள் இரத்தாகியிருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. எனவே திரை அணைந்தால் எந்த அலுமாரியிலிருந்து எந்தப் படிவத்தை எடுப்பது, மீண்டும் வந்ததும் அதை யார் கணினியில் ஏற்றுவது என்பது ஒவ்வொரு வார்டிலும் தெரிந்திருக்க வேண்டும். பாடசாலையில் தீ விபத்து ஒத்திகை செய்வது போல ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு மணித்தியாலம் கணினியை நிறுத்தி ஒத்திகை பார்த்தால், எழுதத் தெரிந்த மூத்தவர்களின் பெறுமதி இளையவர்களுக்கும் விளங்கும்.

இறுதியாக, எமது ஊர்ப் பெரியவர்களுக்கும் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிழக்கிலும் ஏனைய இடங்களிலும் எமது மக்கள் தமது வைத்தியசாலைகளுக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். கட்டடம், கட்டில், இயந்திரம் எல்லாவற்றிலும் தனவந்தர்களினதும் வெளிநாட்டில் உழைப்பவர்களினதும் பெயர்ப்பலகை இருக்கிறது. இப்போது கணினி கேட்கிறார்கள் என்று பத்துக் கணினியைப் பெட்டியோடு கொடுத்துப் படம் எடுக்கும் முன், வைத்திய அத்தியட்சகரிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். மின்சாரம் போனால் தாங்கும் பற்றரி இருக்கிறதா? அச்சுப்பொறிக்கு மாதாமாதம் மை வாங்க யாரிடம் பணம் இருக்கிறது? பழுதானால் திருத்த எங்கிருந்து ஆள் வருவார், எத்தனை நாளில் வருவார்? முதல் மூன்று மாதம் பதிவு மேசையருகில் நின்று முதியவர்களுக்கு வழிகாட்ட, உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் நான்கு பேரை முறைப்படி அனுமதி பெற்று, நோயாளர் விபரங்களைத் தொடாத வேலைக்கு அனுப்பலாமா? பெயர்ப்பலகை பொறிக்க முடியாத செலவுகள் இவை. ஒரு பற்றரியின் மேல் அதிகபட்சம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டலாம்.